எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் வேண்டாம்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். தீபாவளிப் பலகாரம் சுடும் நேரம், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

முறுக்கு சுட 180 டிகிரி சூடு போதும். அடுப்பை எரியவிட்டு போன் பேசப் போனால் எண்ணெய் முதலில் புகையும், பிறகு தானாகவே பற்றிக்கொள்ளும். அதில் தண்ணீர் ஊற்றினால், அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே வாரி இறைக்கும். கைக்கு எட்டினால் பர்னரை அணையுங்கள், எட்டாவிட்டால் ரெகுலேட்டரை. சட்டியைவிடப் பெரிய எவர்சில்வர் தட்டைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடுங்கள். முழுக்க ஆறும்வரை திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் மறுபடி பிடிக்கும். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவே கூடாது. அந்தத் தட்டு, சுட ஆரம்பிக்கும் முன்பே அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

புது சிலிண்டர் மாட்டும்போது வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்குள் விரிசல் தெரிந்தால் உடனே.

கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஜன்னலோடு கதவையும் திறங்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.