தொங்குபாலம் இருக்கட்டும், ஆற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐரோப்பாவில் இருப்பதுபோல நீலகிரிக்கும் ஒரு தொங்குபாலம் கட்ட வேண்டும், அப்போதுதான் நாலு பேர் வருவார்கள் என்று ஒரு வாசகர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். ஏற்கெனவே வருகிற நாலு பேருக்கே மே மாதத்தில் மலைப்பாதையில் பர்லியாரிலிருந்து வண்டி நகர மாட்டேன் என்கிறது. சரி, அதை விடுவோம். அவர் எந்த ஊரை மனதில் வைத்து எழுதினாரோ தெரியாது, நான் போய் வந்த ஊர் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன், அங்கே தொங்குபாலமும் இருக்கிறது.

பாட் வில்ட்பாட் என்று பெயர். ஜெர்மனியின் தென்மேற்கில், அவர்கள் ஷ்வார்ட்ஸ்வால்ட் என்று சொல்கிற கருங்காட்டின் வடபகுதியில், என்ஸ் என்ற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 'பாட்' என்றால் குளியல். பூமிக்கடியிலிருந்து உடம்புச் சூட்டுக்கு ஊற்று வருகிறது, அதில் குளிக்கப் பல நூறு வருடமாக ஆட்கள் வருகிறார்கள். 1367ல் அந்தப் பக்கத்துப் பிரபு எபர்ஹார்ட் குளிக்க வந்த இடத்தில் எதிரிகள் வளைத்துக்கொண்டார்கள், மனிதர் தப்பி ஓடினார் என்பது வரை வரலாறு இருக்கிறது. இசையமைப்பாளர் ரோசினி 1856ல் உடம்பு சரியில்லாமல் வந்து தங்கினாராம், அந்தப் பெயரில் இன்றும் கோடையில் இசை விழா நடத்துகிறார்கள். ஜனத்தொகை பத்துப் பதினோராயிரம், நம் குன்னூரில் கால் பங்குதான். இரண்டு பக்கமும் செங்குத்தாக மரம், நடுவில் ஆறு, ஆற்றை ஒட்டி வால்போல நீண்ட ஊர். முதல் தடவை பார்த்தபோது குன்னூரைத் துடைத்து வைத்ததுபோல இருந்தது எனக்கு.

மகன் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கிறான், பேரனைப் பார்க்கப் போன இடத்தில் இரண்டு நாள் அங்கே கூட்டிப்போனான். ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் மாறி ஏறினால் மின்சார ரயில் ஆற்றோடு மேலே வருகிறது. வந்து ஊர் எல்லையில் நின்றுவிடாமல், கடைத்தெருவுக்குள் ஆட்கள் நடக்கிற இடத்திலேயே மெதுவாக நுழைந்து பூங்கா வாசலில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து மலை உச்சிக்கு ஒரு கம்பி இழுவை ரயில். கம்பியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி, ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும், பாதி வழியில் விலகிக்கொள்ள மட்டும் இரட்டைத் தண்டவாளம். பெட்டிகள் புதுசு, ஆனால் அது முதலில் ஓடிய வருடத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். 1908. நம் மலை ரயில் குன்னூரைத் தாண்டி ஊட்டிக்குப் போன அதே வருடம். குன்னூர் லோகோ ஷெட்டில் முப்பது வருடம் பல்சக்கரத்தோடு மல்லுக்கட்டியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். மருமகளிடம் சொன்னேன், "அப்படியா மாமா" என்று சொல்லிவிட்டுப் பேரனுக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டாள்.

மேலே போனால் காட்டின் தலைக்கு மேல் மரத்தாலான நடைபாதை, 40 மீட்டர் உயரக் கோபுரம், அப்புறம் அந்தத் தொங்குபாலம், 380 மீட்டர் நீளம், 2018ல் கட்டியது. நடந்தேன், கால் நடுங்கியது, நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வெந்நீர்க் குளியலுக்கும் போனோம். சானா என்கிற சூட்டு அறைப் பகுதியில் உடம்பில் துணியே கூடாதாம், ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே சட்டம். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

ஆனால் ஊர் திரும்பிய பிறகும் எனக்கு மனதில் நிற்பது பாலமோ குளியலோ கிடையாது. கடைத்தெரு நடுவே ஆற்றைத் தாண்ட ஒரு சின்ன நடைபாலம், அதில் பேரன் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடிப்போய் அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நானும் எட்டிப் பார்த்தேன். அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றாக எண்ணலாம், ஒரு கல்லின் நிழலில் புள்ளி போட்ட மீன் ஒன்று அசையாமல் நின்றது. மூக்கை வைத்துப் பார்த்தேன், ஒரு நாற்றமும் இல்லை. ஓட்டல்களின் சாப்பாட்டு மேசையெல்லாம் ஆற்றைப் பார்த்தே போட்டிருந்தன. சாக்கடை தனிக் குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, அவ்வளவுதான் ரகசியம். நம் ஊரில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் குன்னூர் ஆற்றை எட்டிப் பாருங்கள். மெத்தை, தெர்மாகோல், மார்க்கெட் கழிவு, வீடுகளின் பின்பக்கத்திலிருந்து நேராக இறங்குகிற குழாய்கள். அந்தத் தண்ணீர்தான் கல்லாறு வழியாகப் பவானியில் சேருகிறது, கீழே மேட்டுப்பாளையத்தில் இருப்பவர்கள் நம் உறவுக்காரர்கள்தானே?

காசு எங்கிருந்து வரும் என்பீர்கள். அங்கே தங்குகிற ஒவ்வொருவரிடமும் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று விடுதிக்காரரே வாங்கிவிடுகிறார், ஊருக்கு வந்தவர் ஊருக்குத் தருகிற வரி அது, பூங்கா பராமரிப்பு போன்ற செலவுக்குப் போகிறது. பதிலுக்கு ஓர் அட்டை தருகிறார்கள், கருங்காட்டின் பல ஊர்களில் அந்த அட்டையைக் காட்டினாலே பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் டிக்கெட் வேண்டாம். இதனால் கார் எடுக்க வேண்டிய அவசியமே குறைகிறது. நாம் என்ன செய்கிறோம்? நீதிமன்றம் தலையிட்டு 2024 மே மாதம் நீலகிரிக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரலில் ஒரு வாரநாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று கணக்கும் வந்தது. நல்லதுதான். ஆனால் வண்டியைக் கீழே விட்டுவிட்டு வா என்று சொன்னால் வருகிறவர் சிம்ஸ் பார்க்குக்கும் டால்பின் நோஸுக்கும் எதில் போவார்? ஆளுக்கு ஒரு நாளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கி, அந்தக் காசில் அரை மணிக்கு ஒரு பஸ் விட்டு, மிச்சத்தைச் சாக்கடைக்குத் தனிக் குழாய் போடச் செலவழித்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அவர்கள் ஒன்றும் தேவலோகத்தில் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கருங்காட்டை ஒரு காலத்தில் வெட்டித் தள்ளி, மரத்தைக் கட்டுமரமாக்கி ஆற்றில் விட்டு ஹாலந்து வரை விற்றவர்கள், இன்று நாம் ஆஹா என்று பார்க்கிற ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை அப்புறம் நட்டவை, நாம் சோலைக்காட்டை அழித்து யூகலிப்டஸும் சீகை என்கிற வாட்டில் மரமும் நட்ட கதைதான். 1990களின் நடுவில் அரசு மருத்துவக் காப்பீட்டில் குளியல் சிகிச்சைக்குத் தருகிற சலுகையைக் குறைத்தபோது இதுபோன்ற ஊர்களுக்கெல்லாம் வருகிறவர்கள் மளமளவென்று குறைந்தார்கள். பாலமும் மரத்து உச்சி நடைபாதையும் அதற்குப் பிறகு வந்தவை. அதாவது ரயிலும் சுத்தமான ஆறும் முதலில், தொங்குபாலம் கடைசியில். நம் வாசகர் கடைசிப் படியிலிருந்து ஏறச் சொல்கிறார்.

போன வருடம் எங்கள் தெருக்காரர்கள் முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டு, ஆற்றில் விழுகிற மூன்று குழாய்களின் படத்தோடு ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். "பார்க்கிறோம்" என்றார்கள். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், இடமிருந்தால் அந்தப் படத்தையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர்,
குன்னூர்