சனிக்கிழமை யோவிக் பயணம்
எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை ஒஸ்லோவில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் யோவிக். மியோசா ஏரிக்கரையில் உள்ள சின்ன ஊர்தான், ஆனால் 1994 குளிர்கால ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கிக்காக மலையைக் குடைந்து பாறைக்குள்ளேயே ஓர் அரங்கம் கட்டியிருக்கிறார்கள், 61 மீட்டர் அகலம், 91 மீட்டர் நீளம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது, தலைக்கு மேலே முழுக்கப் பாறை! ஐயாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். இப்போது கச்சேரி, விளையாட்டு எல்லாம் அங்கேதான். பக்கத்திலேயே பாறைக்குள் நீச்சல் குளமும் உண்டு (பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள்). உள்ளே பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் சொல்கிறேன். சரி, வருகிறவர்கள் வியாழனுக்குள் பெயர் போடுங்கள். ஸ்வெட்டர் முக்கியம். அப்புறம், புளிச்சாதம் யார் கொண்டு வருகிறீர்கள்?