அந்தப் படிவத்தை முதலில் திரும்ப வாங்குங்கள்: எங்கள் தெருக்காவல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தெருக்காவல் குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், நம் வட்டாரச் சமூகக் காவல் மன்றத்தில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் மின்னஞ்சலுக்குத் தனியாக வந்திருக்கும். தமிழிலும் எழுதக் காரணம், நம் கோயில் குழுக்களில் இது சுற்றட்டும் என்பதுதான். ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்தாலே கீழே தள்ளிவிட்டுப் போகும் பெரியவர்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் இந்தியர் குடியிருப்பான நம் சாட்ஸ்வர்த்தில் இன்னும் இருக்கிறார்கள், வீட்டில் யாரை வேலைக்கு வைப்பது என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு வேலைக்கு வரும் பெண்களையும் குற்றத் தடுப்பில் சேர்க்கப் போகிறோம் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின் முதல் பக்கத்தைப் படித்ததும் சந்தோஷப்பட்டேன், இத்தனை காலம் கழித்தாவது யாருக்கோ தோன்றியதே என்று. இரண்டாம் பக்கத்தில் ஒரு படிவம். அந்தப் பெண்ணின் அடையாள அட்டை நகல், புகைப்படம், கைரேகை, அவர் குடியிருக்கும் முகவரி, கூட வசிக்கும் ஆண்களின் பெயர்கள், முன்பு வேலை பார்த்த வீடுகள். எல்லாவற்றையும் வீட்டுக்காரர் நிரப்பி அனுப்ப வேண்டுமாம். அந்தப் பெண் கையெழுத்துப் போட ஒரு கோடுகூட இல்லை. முதல் பக்கத்தில் பங்காளி, இரண்டாம் பக்கத்தில் சந்தேக நபர். இரண்டில் எது என்று நீங்களே முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள், ஒரே ஆளிடம் இரண்டையும் எதிர்பார்க்க முடியாது.

முதல் பக்கம் ஏன் சரி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த யோசனையைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. இரவில் டார்ச்சும் மின்னும் மேலங்கியுமாக வண்டியில் சுற்றும் நம் ஆட்களுக்குப் பகல் தெருவைப் பற்றி ஒன்றும் தெரியாது. காலை 7 மணிக்கு மேல் நாம் எல்லாரும் ஜேக்கப்ஸுக்கும் ப்ராஸ்பெக்டனுக்கும் டவுனுக்கும் ஓடிவிடுகிறோம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அதற்குப் பிறகு மாலை 4 மணி வரை தெரு அந்தப் பெண்கள் கையில்தான். கறுப்பின மக்கள் வாழும் பக்கத்து உம்லாசியிலிருந்து டாக்சி (பலரை ஏற்றி வரும் வேன்) பிடித்து, இறங்கி, மேட்டில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஏறி வருகிறார்களே, அந்த நடையிலேயே பாதிச் செய்தி பரிமாறப்பட்டுவிடும். எந்த கார் நேற்றும் இன்றும் மெதுவாகப் போனது, நகராட்சி மீட்டர் பார்க்க வந்தோம் என்று இன்டர்காமை அழுத்தியவன் எந்தெந்த வீட்டில் அழுத்தினான், எந்த வீட்டு நாய் இரண்டு நாளாகக் குரைக்கவில்லை. உங்கள் வாட்ஸ்அப் குழு வருவதற்கு முன்பே அவர்களுக்குள் ஒரு காவல் இருக்கிறது. நம் குழுவில் என்ன வருகிறது? வேலிக்கு வெளியே கிடந்த கோக் டின்னைப் படம் எடுத்து, இது திருடர்கள் வைக்கும் அடையாளம், ஜாக்கிரதை என்று யாராவது போடுவார்கள், முப்பது பேர் கும்பிடு போடுவார்கள்.

ஆபத்தில் முதலில் நிற்பதும் அவர்கள்தான். ஆள் இல்லாத வீட்டில் புகுந்து திருடுவதும், ஆள் இருக்கும்போதே ஆயுதத்தோடு வந்து கொள்ளையடிப்பதும் போலீஸ் கணக்கில் தனித்தனிக் குற்றங்கள். கார் பறிப்பு, கடைக்கொள்ளை இவற்றோடு சேர்த்து மூன்று பெரிய கொள்ளைக் குற்றங்களாக இந்த நாட்டில் எண்ணப்படுவது அந்த இரண்டாவது வகை. காலை 10 மணிக்கு வீட்டில் இருக்கும் அந்த "ஆள்" யார்? துப்பாக்கி யார் நெற்றியில் வைக்கப்படும்? கையைக் கட்டிக் குளியலறையில் தள்ளுவது யாரை? அப்புறம் போலீஸ் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, கேட்டை நீதானே திறந்தாய்? வீட்டுக்காரர் ஓடிவந்து கேட்பதும் அதேதான், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னாலேயே.

உள்ளிருந்து தகவல் போவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, போகிறது. அலாரம் பொருத்த வந்த ஆள் மூலம் போகலாம், பிள்ளையின் சிநேகிதன் மூலம் போகலாம், பாலித் தீவில் குடும்பத்தோடு எடுத்த படத்தை அங்கிருந்தே ஃபேஸ்புக்கில் போடும் நம் மூலமே போகலாம். வேலைக்கு வரும் பெண் மூலமும் போகலாம். ஆனால் படிவம் யாருக்கு மட்டும் அடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

சரி, அந்தப் படிவங்களை எல்லாம் யார் வைத்திருக்கப் போகிறீர்கள்? யாரோ ஒரு நிர்வாகியின் மடிக்கணினியிலா, போனிலா? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் எல்லாரும் பாப்பியா என்கிறோமே, அது 2013-இல் நிறைவேறி 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. கைரேகை போன்ற உடல் அடையாளங்களுக்கும், ஒருவர் குற்றம் செய்தாரா என்பது பற்றிய தகவலுக்கும் அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பெண் மனமொப்பிச் சம்மதம் தர வேண்டும், தராவிட்டால் வேலை போய்விடும் என்ற நிலையில் வாங்குவதற்குப் பெயர் சம்மதம் இல்லை. ஆனால் சட்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. எந்த வீட்டில் எந்தப் பெண் பகலில் தனியாக இருக்கிறார், அவர் எங்கே குடியிருக்கிறார், வீட்டில் யார் யார் என்று ஒரே பட்டியலாக எழுதி வைத்தால் அது கொள்ளைக்காரனுக்குத்தான் மிகவும் உபயோகப்படும். அவன் நம் கேட்டை உடைக்கவே வேண்டாம், நேராக உம்லாசியில் அவர் வீட்டுக்குப் போய், உன் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியும், புதன்கிழமை சாவியை எங்கே வைப்பாய் சொல் என்றால் முடிந்தது. பாதுகாப்புக்காகச் சேர்த்த பட்டியல் கசிந்தால் முதலில் மாட்டுவது அவர், அடுத்தது நாம்.

கழுத்தில் தொங்கவிடும் அட்டை பற்றியும் சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறது, "அடுத்த கட்டமாக" என்று. இதை எழுதியவர் தன் பாட்டியிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து இறங்கியதிலிருந்து நம் ஆட்கள் முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் பிடித்து அடைத்தார்கள். வாயிலிருந்து ரத்தம் வழிய, உடைந்த பல்லோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு 1894-இல் காந்தியின் அலுவலகத்தில் போய் நின்ற பாலசுந்தரம் யார்? டர்பனில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த தமிழன், அடித்தவர் அந்த முதலாளி. கறுப்பினத்தவர் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் புத்தகத்தைப் பெண்களுக்கும் கட்டாயமாக்காதே என்று 1956 ஆகஸ்ட் 9-ஆம் தேதி சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் யூனியன் பில்டிங்ஸுக்கு ஊர்வலம் போனார்கள். அந்த நாளைத்தான் பெண்கள் தினம் என்று விடுமுறை விடுகிறோம். (அன்றைக்கு நம் வீடுகளில் பாத்திரம் கழுவியது யார், அவருக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்தோமா என்பது தனிக் கதை.) அந்தப் பெண்களின் பேத்திகள் கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டு இது காவல் என்று சொன்னால் அவர்கள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்?

2021 ஜூலையையும் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னால் குழுவில் சண்டை வரும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கலவரத்தில் கடைகள் எரிந்த அந்த நாட்களில் போலீஸ் வரவில்லை, நாம் பயந்துபோய் முனைக்கு முனை தடுப்பு போட்டோம், அதில் எனக்கும் புரிகிற நியாயம் இருந்தது. ஆனால் டர்பனில் நம்மைப் போலவே இந்தியர் குடியிருப்பான பீனிக்ஸில் 36 பேர் செத்தார்கள் என்று அப்போதைய போலீஸ் அமைச்சரே சொன்னார், செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வேலைக்கு வந்தவர்களையும் வீட்டுக்குத் திரும்பியவர்களையும் தடுப்புகளில் நிறுத்தி, நீ யார், இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். தெருக்காவல் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்குப் பாதுகாப்பு நினைவுக்கு வருகிறது, டாக்சியில் வரும் பெண்ணுக்கு அந்த வாரம் நினைவுக்கு வருகிறது. அதைப் பேசாமல் நேராகப் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டால் வருவார்கள், வீட்டுக்காரர் சொன்னதற்காக வந்து உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போவார்கள், பார்த்ததை உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் சொல்ல வேண்டும் என்றால் நாம் முதலில் சரி செய்ய வேண்டியது நம் வீட்டை. நம்மில் எத்தனை பேர் காலையில் இரும்புக் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறோம், அவரை உள்ளே வைத்து? கொள்ளைக்காரன் வந்தால் அவர் எந்தப் பக்கம் ஓடுவார், தீப்பிடித்தால்? பேனிக் பட்டன் படுக்கையறை இழுப்பறையில் இருக்கிறது, அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் தவறுதலாக அழுத்திவிட்டால் பாதுகாப்புக் கம்பெனி வண்டி வந்து நிற்கும், திட்டு விழும் என்று தொட மாட்டார். அதை அவர் கையில் கொடுங்கள், ஒரு முறை அழுத்திப் பழகச் சொல்லுங்கள். நம் சித்தப்பா மகனே கேட்டில் நின்று கத்தினாலும், வீட்டுக்காரர் போனில் சொல்லாமல் திறக்காமல் இருக்க அவருக்கு உரிமை வேண்டும், அதற்காகச் சாயங்காலம் யாரும் கோபிக்கக் கூடாது. உள்ளே வந்துவிட்டால் எதிர்க்க வேண்டாம், டிவியும் நகையும் போகட்டும் என்று நாமே அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாத வரை, பொருள் போனால் வேலையும் போகும் என்றுதான் அவர் நினைப்பார்.

தகவல் சொல்லும் வழியும் அவர்களுக்குத் தோதாக இருக்க வேண்டும். குழுவில் எல்லாம் ஆங்கிலம். சூலுவில் வாய்ஸ்நோட் அனுப்பலாம் என்று வையுங்கள், மாதம் ஒரு முறை டேட்டா போட்டுக் கொடுங்கள். முக்கியமாக, "நாலாம் நம்பர் வீட்டு வேலைக்காரம்மா பார்த்தாராம்" என்று குழுவில் எழுதவே எழுதாதீர்கள். நாம் மின்வேலிக்குப் பின்னால் தூங்குகிறோம், அவர் திரும்பிப் போகும் தெருவில் பாதுகாப்புக் கம்பெனி வண்டி எதுவும் சுற்றுவதில்லை, நாம் பிடித்துக்கொடுத்த பையனின் அண்ணன் அதே டாக்சியில் பக்கத்து சீட்டில் இருக்கலாம். பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க 08600 10111 என்ற க்ரைம் ஸ்டாப் எண் இருக்கிறது, அதையும் அவசரத்துக்கு 10111-ஐயும் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். கூட்டத்தைக் காவல் நிலையத்தில் வைக்க வேண்டாம். லெசோத்தோவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், காகிதம் சரியில்லாதவர் போலீஸ் வாசலை மிதிக்க மாட்டார்.

அப்புறம் காசு. காவல் வேலையும் வேலைதான். கூட்டத்துக்கு வரும் நேரத்துக்குச் சம்பளமும் டாக்சிக் காசும் கொடுக்க வேண்டும். வீட்டு வேலைக்கும் மற்ற வேலைக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலி என்று 2022 மார்ச்சிலேயே ஆகிவிட்டது, 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது, இரண்டு மணி நேரம் வேலை வாங்கினாலும் நாலு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவரை வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யூஐஎஃப்-இல் பதிய வேண்டும், 2003-இலிருந்து. வேலையில் நேரும் விபத்துக்கான இழப்பீட்டுத் திட்டத்தில் வீட்டு வேலை செய்பவர்கள் சேர்ந்தது அதற்கும் ரொம்பப் பின்னால். பிரிட்டோரியாவில் மரியா மஹ்லாங்கு என்ற பெண், கண் சரியாகத் தெரியாதவர், 2012-இல் வேலை செய்த வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தார், மகளுக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது, வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் 2020 நவம்பரில்தான் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இழப்பீடு உண்டு என்று தீர்ப்பு வந்தது. வேலை நேரத்தில் கொள்ளைக்காரன் அடித்து நம் வீட்டில் வேலை செய்பவரின் கை உடைந்தால் நாளைக்கு எந்தக் கதவைத் தட்டுவார்? நம் குழுவில் இருப்பவர்களில் எத்தனை பேர் தம் வீட்டில் வேலை செய்பவரைப் பதிந்திருக்கிறோம் என்று முதலில் ஒரு படிவம் போடுங்களேன், அதை நானே நிரப்பித் தருகிறேன்.

சமூகக் காவல் மன்றம் 1995 போலீஸ் சட்டப்படி ஏற்பட்ட அமைப்பு, சமூகத்தின் பிரதிநிதிகள் அதில் இருக்க வேண்டும் என்றுதான் அந்தச் சட்டமே சொல்கிறது. நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் இங்கே இருப்பவர் இந்தச் சமூகத்தில் சேர்த்திதான். ஆடிக் கூழுக்குக் காய் நறுக்க அவர்களைக் கூப்பிடும் நாம், தெருக்காவல் குழுவில் இரண்டு இடத்தை அவர்களுக்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? யார் அந்த இரண்டு பேர் என்று அவர்களே சொல்லட்டும், நாம் பொறுக்கி எடுக்க வேண்டாம்.

கூட்டம் சனிக்கிழமை என்று போட்டிருக்கிறீர்கள். அவர்களில் ஷெம்பே என்ற சூலு மக்களின் சபையைச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர், சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு தொழுகைக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு மற்ற சபைகள். மாலை 7 மணி என்றால் டாக்சி கிடைக்காது. வார நாளில் காலை 10 மணிக்கு வையுங்கள், வீட்டுக்காரர்கள் இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுக்கட்டும்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் இதையெல்லாம் பேசினேன். படிவத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நான் அதை நிரப்பி அனுப்பப் போவதில்லை. படிவத்தைத் திரும்பப் பெற்றுவிட்டோம், வந்தவற்றை அழித்துவிட்டோம் என்று குழுவில் ஒரு வரி போடுங்கள். போட்ட பிறகு நடக்கும் முதல் கூட்டத்துக்கு நான் வருகிறேன், அவர் வருவதா வேண்டாமா என்பதை அவரே சொல்வார். சூலுவில் பேச ஆள் வேண்டுமென்றால் என் மகள் அந்த மொழியைப் பள்ளியில் படித்தவள், உதவி செய்வாள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்திலிருந்து உங்கள் தெருக்காரர் ஒருவர்