படத்துக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரின் முதல் பக்கத்தில், காஸாவில் யாரோ செல்போனில் எடுத்த படம் ஒன்று வந்திருந்தது. கீழே 'சமூக வலைதளப் படம்' என்று மட்டும் போட்டிருந்தீர்கள். யார் எடுத்தது, என்றைக்கு, எந்த ஊரில், ஒன்றுமே இல்லை.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் அதைப் போட்டேன். "எல்லாம் ஃபேக் சித்தி" என்றான் அக்கா பையன். அவனைக் குறை சொல்லவும் முடியாது. 2023-ல் சிரியாவின் பழைய வீடியோவையும், வீடியோ கேம் காட்சியையும்கூட காஸா என்று சுற்றவிட்டார்கள், அதில் ஏமாந்தவன் அவன். வெளிநாட்டு நிருபர்களை இஸ்ரேல் சுதந்திரமாக உள்ளே விடாத இடத்தில் அங்கே இருப்பவர்களின் போன்தான் சாட்சி, அதையே இவன் நம்ப மறுக்கிறானே என்றுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

2009-ல் இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் வன்னியிலும் இதேதான் நடந்தது. பத்திரிகையாளர்களை அரசு உள்ளே விடவில்லை, ஐ.நா. ஊழியர்களையும் 2008 செப்டம்பரிலேயே வெளியேறச் சொல்லிவிட்டார்கள். ராத்திரி ரேடியோவில் பி.பி.சி. தமிழோசை வைத்தால், புதுமாத்தளன் பக்கம் வைத்தியம் பார்த்த அரசு டாக்டர்கள், இத்தனை பேர் காயம், இன்ன மருந்து இல்லை என்று போனில் சொன்னதுதான் நமக்குக் கிடைத்த தகவல். அம்மா சாப்பாட்டுத் தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிடுவார். போர் முடிந்ததும் அந்த டாக்டர்களைப் பிடித்து வைத்தார்கள், ஜூலையில் கொழும்பில் கேமரா முன்னால் உட்கார்ந்து, நாங்கள் சொன்னது மிகை என்றார்கள். அது நிர்ப்பந்தத்தில் சொன்னது என்று அவர்களில் ஒருவர் பிறகு வெளிநாட்டில் இருந்துதான் சொல்ல முடிந்தது.

அதே வருஷம் ஆகஸ்டில், இலங்கை ராணுவத்தினர் என்று சொல்லப்பட்டவர்கள் கைகள் கட்டப்பட்டவர்களைச் சுட்டுக் கொல்லும் போன் வீடியோவை பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியது. போலி என்றது இலங்கை அரசு. தடயவியல் மருத்துவம், வீடியோ, துப்பாக்கி என்று மூன்று துறை நிபுணர்களை வைத்துப் பார்த்துவிட்டு, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் சொன்னது 2010 ஜனவரியில்.

அவ்வளவு பெரிய ஆய்வெல்லாம் உங்களிடம் கேட்கவில்லை. எடுத்த தேதி, இடம், நீங்கள் எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று இரண்டு வரி போதும். சரிபார்க்க முடியவில்லை என்றால் அதையே எழுதுங்கள். பெயர் போட்டால் எடுத்தவருக்கு ஆபத்து என்றால் பெயரை விட்டுவிடுங்கள், தேதியை மட்டும் விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி