தட்டுக்கு வெளியே நின்ற பாட்டு: எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு ஒரு கடிதம்

பெருமதிப்பிற்குரிய கிட்டப்பா அவர்களுக்கு,

வணக்கம். தங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்று, கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரோடு தாங்கள் வாழ்ந்த வாழ்க்கை. மற்றொன்று, 1933 டிசம்பர் 2ஆம் நாள், 27 வயதிலேயே தாங்கள் மறைந்தது. இரண்டும் மனத்தை உருக்குபவைதாம். ஆனால் சிறு பிள்ளையாக நாடக மேடையேறிய நாள் முதல் தாங்கள் செய்துவந்த, பாடி நடிக்கும் தொழிலைப் பற்றி ஒருவரும் நின்று பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை. ஆகவே இந்தக் கடிதத்தில் அந்தத் தொழிலைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

1906இல், அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் பிறந்து, பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வயதில் சகோதரர்களோடு நாடகத்துக்குள் வந்துவிட்டவர் தாங்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களையும் வசனங்களையும் நெட்டுருப் போட்டு, வாத்தியாரின் பிரம்புக்கு அஞ்சி, கிடைத்த வேடத்தைக் கட்டி ஆடிய அந்தக் காலத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் பொதுவான ஓர் அச்சம் உண்டு. அதன் பெயர் மகரக்கட்டு. நேற்றுவரை மேல் ஸ்தாயியில் தங்குதடையின்றிப் போய்வந்த குரல், பதின்மூன்று பதினான்கு வயதில் ஒருநாள் சட்டென்று உடைந்து கரகரத்துவிடும். அதோடு ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடம் போய்விடும், பாட்டுப் போய்விடும், பலருக்கு நாடகக் கம்பெனிச் சோறும் போய்விடும். பாலப் பருவத்தில் கொண்டாடப்பட்டு, குரல் மாறிய பிறகு திரைச்சீலை இழுப்பவராகவும் பக்க வேடக்காரராகவும் ஒதுங்கியவர்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. அந்தக் கண்டத்தைத் தாண்டியும், உச்ச சுருதியில் நின்று பாடும் ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயக நடிகராக, தாங்கள் நிலைத்தீர்கள். தங்கள் மேடை வாழ்வின் முதல் வெற்றி அதுதான் என்பது என் கணிப்பு; பேரும் புகழும் அதற்குப் பின் வந்தவை.

கன்னையா கம்பெனியில் தாங்கள் நடித்த காலத்தைப் பற்றியும் ஒரு சொல். தசாவதாரம் போன்ற நாடகங்களைக் காட்சி ஜோடனைகளின் பிரம்மாண்டத்தாலேயே பெயர்பெறச் செய்த கம்பெனி அது. கண்ணைப் பறிக்கும் சீன்களுக்கு நடுவே ஒரு நடிகர் தம் தொண்டையை மட்டும் நம்பி நின்று, சபையின் கவனத்தைத் தம் பக்கம் திருப்புவது எளிய காரியமன்று.

ஸ்பெஷல் நாடகமோ வேறு வகையான சோதனை. ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேரும் நடிகர்கள், அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் எதிர்கொள்வார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது சுவாமிகளின் பாடம் ஒன்றே. அந்தப் பாடத்துக்குள் நின்றுகொண்டே எதிராளி எங்கிருந்து கேள்வி தொடுத்தாலும் அங்கிருந்தே பாட்டால் விடை சொல்லியாக வேண்டும். வள்ளி திருமணத்தில் வேடனாக வரும் முருகனும் தினைப்புனம் காக்கும் வள்ளியும் விடிய விடியத் தர்க்கம் செய்வது இந்த முறையில்தான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் அந்த நாடகம் நடக்கிறது. அங்கே நடிகர்கள் ஒலிவாங்கியை விட்டு ஓரடி நகரத் தயங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் தங்களை நினைத்துக்கொள்வேன். (அவர்களைக் குறை சொல்லவில்லை; நான்கு திசையிலும் குழாய் ஒலிபெருக்கி அலறும் திடலில் வேறு என்ன செய்ய முடியும்?) தங்களுக்கு ஒலிவாங்கியே இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் சிதையாமல் போய்ச்சேர வேண்டும். அதற்காகவே நாடகக்காரர்கள் சுருதியை ஏற்றி வைத்துப் பாடினார்கள். எத்தனை கட்டைச் சுருதியில் பாடினார் என்ற கணக்கை இன்று நாம் வீரப் பிரதாபமாகப் பேசுகிறோம், ஆனால் அன்று அது தொழிலின் தேவையாக இருந்தது. அந்த உயரத்தில் கத்தலாகாமல், பிருகா என்னும் அதிவேக சுரக்கோவை ஒவ்வொன்றும் மணிமணியாக உதிரும்படி பாடியதே தங்கள் கைவசம் இருந்த வித்தை.

அந்த வித்தையில் எங்களுக்கு எஞ்சியிருப்பவை இசைத்தட்டுகள் மட்டுமே. தட்டின் ஒரு பக்கத்தில் பிடித்தது மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னும் சில விநாடிகள். மேடையில் ஒரு விருத்தத்தை எடுத்தால் சபை விடுகிறவரை விரித்துக்கொண்டு போன பாடகரை அந்த அளவுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். வள்ளலாரின் ‘கோடையிலே இளைப்பாற்றி’யைத் தாங்கள் பாடியதைக் கேட்கும்போது, சொற்கள் முட்டிமோதாமல் அவசரம் மட்டும் அடியில் ஓடுவதை உணர்கிறேன், அது ராகத்துக்குரிய விரைவன்று, தட்டு தீர்ந்துபோகுமே என்ற விரைவு. தியாகராஜரின் ‘எவரனி’யில், சபா மேடையைச் சேராத ஒரு நாடக நடிகர் கீர்த்தனையைக் கையாளும் துணிச்சல் அப்படியே பதிவாகியிருக்கிறது. ‘காமி சத்யபாமா’வைப் பற்றித்தான் எனக்கு ஏக்கம் அதிகம். கதவைத் திறக்கச் சொல்லி வெளியே நிற்கிறவனின் பாட்டு அது. கெஞ்சல், குறும்பு, பொய்க்கோபம் எல்லாம் குரலில் இருக்கின்றன. ஆனால் மூடிய கதவின் முன் தாங்கள் எப்படி நின்றீர்கள், கை எங்கே இருந்தது, எந்தச் சொல்லில் சபையின் பக்கம் திரும்பினீர்கள் என்பவற்றைத் தட்டு சொல்லாது. நாடகப் பாட்டில் பாதி அங்கேதான் இருக்கிறது. இசைத்தட்டை மட்டும் கேட்டுவிட்டுத் தங்களை ‘சிறந்த பாடகர்’ என்று சொல்லி முடித்துவிடுவது, எனக்கென்னவோ, புகழ்ச்சியைப் போலத் தோன்றும் ஒரு குறைப்பு.

திரைப்படம் இந்தக் குறையைத் தீர்த்திருக்கலாம். தமிழ்ப் பேச்சைத் திரையில் முதன்முதலாகக் கேட்கச் செய்த ‘காளிதாஸ்’ 1931இல் வந்துவிட்டது. தாங்கள் அதன் பிறகு இரண்டாண்டுகளே இருந்தீர்கள். தங்களைப் போலவே மேடையில் பாடி வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர், மேடையில் நடித்துப் பெயர்பெற்ற ‘பவளக்கொடி’யோடு திரைக்கு வந்தது 1934இல். இடையில் ஓராண்டுதான். அதற்கடுத்த ஆண்டு வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் சுந்தராம்பாள் அம்மையார் ஆண் வேடமான நந்தனாராகவே நடித்தார். பெண்ணுக்கு ஆணும் ஆணுக்குப் பெண்ணும் வேடம் கட்டிய மேடையில் பயின்றவருக்கு அது புதிதாக இருந்திராது. தங்கள் மறைவுக்குப் பின் எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விலகி நின்ற அவர், பாட்டை மட்டும் விடவில்லை. ‘ஔவையார்’ வந்த 1953லும் அவர் குரலில் ஒலிவாங்கிக்கு முந்தைய காலத்துக் கொட்டகை இருந்தது. எதிரே கடைசி வரிசை ஒன்று இருப்பதாகவே அவர் கடைசிவரை பாடினார்.

தங்களிடம் நேரில் கேட்க எனக்கு ஒரே ஒரு சந்தேகம் உண்டு. சபையில் ‘ஒன்ஸ்மோர்’ எழுந்தால் நாடகம் நின்றுவிடும்; இறந்து கிடந்த பாத்திரம்கூட எழுந்து பாடிவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டதாக வேடிக்கையாகச் சொல்வார்கள். தட்டில் இருப்பது முதல் முறை பாடியது மட்டுமே. இரண்டாம் முறையும் அவர்கள் விடாமல், மூன்றாம் முறையும் ‘காமி சத்யபாமா’வை எடுக்க நேர்ந்த இரவுகளில், கதவு திறக்கப்போவதில்லை என்பது தங்களுக்கும் சபைக்கும் நன்றாகத் தெரிந்திருந்தபோது, அந்தப் பாட்டில் எதை மாற்றினீர்கள்?

தங்கள்,
பின்னாளில் பிறந்துவிட்ட ஒரு ரசிகன்