இச்சிரோவுக்கு வாக்களிக்காத அந்த ஒருவருக்கு

பெயர் தெரியாத ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேராது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் பக்கத்தில் நின்று படிக்கப் போகிற தமிழர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி 21 அன்று, தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமின் தேர்தல் முடிவு வந்தது. வாக்களித்த விளையாட்டு எழுத்தாளர்கள் 394 பேர். ஜப்பானிலிருந்து வந்து அமெரிக்காவில் ஆடிய இச்சிரோ சுசுகிக்குக் கிடைத்தது 393. மிச்சமிருந்த ஒன்று உங்களுடையது. அன்றிலிருந்து உங்களைத் தேடாத ஆள் இல்லை. எழுத்தாளர் சங்கம் எல்லா வாக்குச் சீட்டுகளையும் வெளியிடலாம் என்று ஒருமுறை தீர்மானம் போட்டது. ஹால் ஆஃப் ஃபேம் நிர்வாகம்தான் வேண்டாமென்று தடுத்துவிட்டது. ஆகவே நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள்.

இச்சிரோ உங்கள்மேல் கோபப்படவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. முடிவு வந்த அதே வாரம், அந்த ஒருவரை என் வீட்டுக்கு அழைத்து, சேர்ந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் பேச ஆசை என்றார். நீங்கள் போகவில்லை. ஜூலை 27 அன்று ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில், விழா மேடையில், ஏறக்குறைய முழுக்க ஆங்கிலத்திலேயே பேசிய உரையில், அந்த அழைப்பு காலாவதியாகிவிட்டது என்று அறிவித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பேஸ்பாலைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட அந்த உரையைத் தேடிப் பார்க்கலாம். களத்தில் இருந்த காலத்தில் பேட்டி கொடுக்கும்போது பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டிருந்த மனிதர், இத்தனை நகைச்சுவையை எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காரணம் என்னவாக இருக்கும்?

"யாருக்கும் நூற்றுக்கு நூறு கூடாது" என்ற பழைய வழக்கம் காரணமாக இருந்தால், அதைப் பற்றிப் பேச எனக்கு அதிகம் இல்லை. 1936இல் பேஸ்பாலின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான பேப் ரூத்துக்கே 226இல் 215 தான் கிடைத்தது. 1979இல் வில்லி மேஸை 23 பேர் ஒதுக்கினார்கள். வில்லி மேஸை! 1982இல் ஹேங்க் ஆரனுக்கு 9 வாக்கு குறைந்தது. ரூத்துக்கே கிடைக்காதது இவனுக்கு எதற்கு என்று அடுத்தடுத்த தலைமுறை சொல்லிக்கொண்டே வந்தது. 2019இல் மரியானோ ரிவேராவுக்கு எல்லோரும் வாக்களித்ததோடு அந்தச் சாக்கும் போய்விட்டது. அடுத்த ஆண்டே டெரெக் ஜீட்டருக்கு ஒன்று குறைந்தது. அதுவும் நீங்கள்தானோ என்று ஒரு சந்தேகம். விடுங்கள்.

வாதாடத் தகுந்த காரணம் ஒன்றுதான் இருக்கிறது: இச்சிரோ அடித்தது பெரும்பாலும் வெறும் சிங்கிள், அதாவது ஓடித் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவது வரை மட்டும் கொண்டுபோகிற அடி. அமெரிக்காவின் முதல்நிலைப் போட்டியான மேஜர் லீக்கில் அவர் அடித்த ஹிட் (அடித்துப் பேஸை எட்டிய அடி) 3,089. அதில் 2,514 சிங்கிள். நான்கு பேஸையும் ஒரே அடியில் சுற்றவைக்கும் ஹோம் ரன் 117 மட்டுமே. பந்து ஸ்ட்ரைக் எல்லைக்கு, அதாவது பேட்டருக்கு எட்டும்படி வீச வேண்டிய எல்லைக்கு, வெளியே போனாலும் அடித்துவிடுவார். பொறுமையாக நின்று, அந்த எல்லைக்கு வெளியே வரும் பந்துகள் (பால்) நான்கை அடிக்காமல் விட்டு, சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகிற வழக்கம் குறைவு. அதனால் பேட்டிங் சராசரி 0.311 ஆக இருந்தும், பேஸை எட்டிய விகிதம் 0.355 தான். கணக்குப் புலிகள் இதை வைத்துத்தான் அவரைக் கொஞ்சம் கீழே இறக்குவார்கள். அவர்கள் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஒரு ஆட்டக்காரருக்கு என்ன தெரியும் என்பதை முழுதாகச் சொல்வதில்லை.

தமிழ் நண்பர்களே, கிரிக்கெட்டில் பந்தைத் தட்டிவிட்டு ஓடாமல் நிற்கலாம். பேஸ்பாலில் பந்து எல்லைக் கோடுகளுக்குள் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். 90 அடி தூரத்தில் முதல் பேஸ். பந்தைப் பிடித்த ஃபீல்டரின் எறி உங்களுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தால் அவுட். பத்து வாய்ப்பில் மூன்று முறை ஹிட் அடிப்பவர் நல்ல பேட்டர். ஏழு முறை தோற்பது சாதாரணம்.

இச்சிரோ பிறவியில் வலது கைக்காரர், எறிவதும் வலது கையால்தான். ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், நகோயாவை ஒட்டிய தொயோயாமாவில் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா நொபுயுகி அவரை இடது கைக்காரராக நின்று அடிக்கப் பழக்கினார். இடது கைக்காரராக நிற்பவருக்கு முதல் பேஸ் ஓரிரு அடி கிட்டத்தில் இருக்கும், அதுதான் காரணம். அந்த ஓரிரு அடியை மகன் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று பாருங்கள். பந்து மட்டையில் படும்போதே அவருடைய உடல் முதல் பேஸை நோக்கிச் சரிந்திருக்கும். அடித்துவிட்டு ஓடுவதில்லை, ஓடிக்கொண்டே அடிப்பார். இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பக்கம் தரையோடு மெதுவாக உருளும் ஒரு பந்து மற்றவர்களுக்கு அவுட். இச்சிரோ சுமார் 3.7 விநாடியில் பேஸைத் தொட்டுவிடுவார் என்பதால் அவருக்கு அது ஹிட். இது தெரிந்து உள்வட்ட ஃபீல்டர்கள் இரண்டடி முன்னால் வந்து நிற்பார்கள். முன்னால் வந்தால் வேகமாக வரும் பந்தைத் தடுக்க அவர்களுக்கு நேரம் குறைந்துவிடும். அடுத்த பந்து அவர்களுக்கு இடையிலுள்ள சந்து வழியே போகும். எதிரணி பந்து வருவதற்கு முன்பே தப்பான இடத்தில் நிற்கும்படி செய்வது அதிர்ஷ்டமா? உங்கள் கணக்கில் இது எந்தக் கட்டத்தில் வரும்?

பலம் இல்லாததால் சிங்கிள் அடித்தார் என்றும் சொல்ல முடியாது. 1995இல் ஜப்பானில் 25 ஹோம் ரன் அடித்திருக்கிறார். அமெரிக்காவின் சியாட்டில் மரினர்ஸ் அணியில் சேர்ந்த புதிதில், பயிற்சி ஆட்டங்களில் பந்தையெல்லாம் இடது பக்கமாகவே தட்டிக்கொண்டிருந்தாராம். இவரால் பந்தை வலது பக்கம் இழுத்து அடிக்க முடியுமா என்று மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) லூ பினெல்லாவுக்குக் கவலை வந்து கேட்டேவிட்டார். இச்சிரோ வலது பக்கம் ஒரு ஹோம் ரன் அடித்துவிட்டுத் திரும்பி வந்து, இப்போது திருப்தியா என்கிற மாதிரி கேட்டாராம். பினெல்லாவே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொன்ன கதை. தன் ஆட்டம் எது என்று அவர் முடிவு செய்திருந்தார், அவ்வளவுதான்.

அந்த முடிவுக்காக அவர் விலையும் கொடுத்திருக்கிறார். ஜப்பானிய அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 1991 டிராஃப்டில் ஓரிக்ஸ் புளூவேவ் அணி அவரை நான்காவது சுற்றில்தான் எடுத்தது. மேனேஜர் ஷோசோ தோய்க்கு அவர் வலது காலை ஊசல்போல ஆட்டி அடிக்கும் பாணி பிடிக்கவில்லை. மாற்றச் சொன்னார், இவர் மாற்றவில்லை, இரண்டாம் அணியில் கிடந்தார். 1994இல் அகிரா ஓகி மேனேஜராக வந்து, உன் இஷ்டப்படி அடி என்று விட்டார். சுசுகி என்ற பெயர் ஜப்பானில் தெருவுக்குத் தெரு இருப்பதால் சட்டையில் வெறும் 'இச்சிரோ' என்று போட வைத்ததும் ஓகிதான். அந்த ஆண்டு 210 ஹிட், சராசரி 0.385. ஜப்பானில் அதற்கு முன் யாரும் ஒரு சீசனில் 200ஐத் தொட்டதில்லை. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம். ஓரிக்ஸின் சொந்த ஊரே அதுதான். தளராதே கோபே என்ற வாசகத்தைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஆடி, அந்த ஆண்டு லீகை வென்றார்கள்; அடுத்த ஆண்டு ஜப்பானின் சாம்பியன் பட்டமான ஜப்பான் சீரிஸையும் வென்றார்கள். 1994 முதல் 2000 வரை ஏழு ஆண்டும் பசிபிக் லீகின் பேட்டிங் பட்டம் இச்சிரோவுக்கே.

அப்புறம் அமெரிக்கா. பேச்சுவார்த்தை நடத்தும் உரிமைக்கு மட்டும் சியாட்டில் சுமார் 1.3 கோடி டாலரை ஓரிக்ஸுக்குக் கொடுத்தது. பந்து வீசும் ஜப்பானியப் பிட்சர்கள் அதற்கு முன் வந்திருக்கிறார்கள். பேட்டராக வந்த முதல் ஜப்பானியர் இவர்தான். வயது 27.

2001 எப்படிப்பட்ட ஆண்டு என்று உங்களுக்கு நினைவிருக்கும். பாரி பாண்ட்ஸ் 73 ஹோம் ரன் அடித்த ஆண்டு. எல்லோருடைய கையும் தொடைபோல வீங்கியிருந்த காலம், ஊக்கமருந்துதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதன் நடுவில் ஒல்லியான ஒரு ஆள் வந்து 242 ஹிட், 56 ஸ்டீல் (எதிரணி அசந்த நேரத்தில் ஓடிப் பிடித்த அடுத்த பேஸ்), 0.350 சராசரி. ஒரே ஆண்டில் சிறந்த புதுமுகம், மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் இரண்டையும் வாங்கினார். அவருக்கு முன் அதைச் செய்தவர் 1975இல் ஃபிரெட் லின் ஒருவரே. சியாட்டில் 116 ஆட்டம் வென்று 1906இன் சிகாகோ கப்ஸ் சாதனையைச் சமன் செய்தது. ஏப்ரல் 11 அன்று ஓக்லண்டில், முதல் பேஸிலிருந்து மூன்றாவதுக்கு ஓடிய எதிரணியின் டெரன்ஸ் லாங்கை, மைதானத்தின் வலது கோடியான ரைட் ஃபீல்டிலிருந்து ஒரே எறியில் அவுட் ஆக்கினார். பந்து தரையைத் தொடவே இல்லை. அதன் வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

2004இல் 262 ஹிட். ஜார்ஜ் சிஸ்லர் 1920இல் வைத்த 257, 84 ஆண்டு அசையாமல் இருந்த சாதனை. சிஸ்லர் காலத்தில் சீசனுக்கு 154 ஆட்டம்தானே என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள், நியாயம்தான். ஆனால் சிஸ்லர் இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆடவில்லை, கறுப்பின ஆட்டக்காரர்கள் தள்ளிவைக்கப்பட்ட லீகில் ஆடினார், ஆட்டத்துக்கு நான்கு பிட்சர்களைச் சந்திக்கவில்லை. அதையும் கணக்கில் சேருங்கள். சாதனை முறிந்த இரவு சிஸ்லரின் மகள் அரங்கில் இருந்தார். இச்சிரோ போய் அவர் கையைப் பிடித்து நின்றார். 2009இல் செயின்ட் லூயிஸுக்குப் போனபோது சிஸ்லரின் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்தார்.

உங்கள் பக்கத்தின் வலுவான வாதத்தை மறைத்தால் நேர்மையாகாது. 2001க்குப் பிறகு இச்சிரோ இருந்த காலத்தில் சியாட்டில், சீசன் முடிவில் சிறந்த அணிகள் மட்டும் ஆடும் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. 2008இலும் 2010இலும் 101 ஆட்டம் தோற்றது. அந்த இரண்டு ஆண்டும் இச்சிரோ 200 ஹிட்டைத் தாண்டினார். அணி மூழ்கும்போது இவர் தன் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சக ஆட்டக்காரர்களே முணுமுணுத்ததாகச் செய்தி வந்தது. எனக்கு இதில் பாதி சம்மதம் உண்டு. சில ஆட்டங்களில் அவர் கொஞ்சம் பொறுத்து நின்றிருக்கலாம். ஆனால் ஒன்பது பேர் வரிசையாக அடிக்கும் ஆட்டத்தில் முதல் ஆள் பேஸில் நின்றும் பின்னால் வருபவர்கள் அவரை ரன் கிடைக்கும் கடைசிப் பேஸுக்குக் கொண்டுவரவில்லை என்றால், குற்றப்பத்திரிகை யார் பெயரில் வர வேண்டும்?

பிந்தைய ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே அவை பிடிக்காது. 2012 ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாற்றப்பட்டு, அதே நாள் அதே சியாட்டில் மைதானத்தில் எதிரணிச் சட்டையில் இறங்கினார். எழுந்து நின்று கைதட்டிய பழைய ரசிகர்களுக்குக் குனிந்து வணங்கினார், உடனே ஒரு சிங்கிள், ஒரு ஸ்டீல். பிறகு மயாமி அணி. 2016இல் 3,000ஆவது ஹிட், அது மட்டும் சிங்கிள் அல்ல, மூன்றாவது பேஸ்வரை கொண்டுபோன டிரிப்பிள். ஐம்பது வயதுவரை ஆடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 2019 மார்ச்சில் டோக்கியோ டோமில் 45 வயதில் நிறுத்தினார். அந்த இரண்டு ஆட்டத்திலும் ஹிட் இல்லை.

ஜப்பானில் அடித்த 1,278ஐயும் சேர்த்தால் மொத்தம் 4,367. மேஜர் லீக்கில் அதிக ஹிட் அடித்த பீட் ரோஸின் 4,256ஐவிட அதிகம் என்று சொன்னதும் ரோஸுக்கு எரிச்சல் வந்து, அடுத்து அவருடைய பள்ளிக்கூட ஹிட்டையும் எண்ணுவார்கள் என்றார். இரண்டு லீகையும் கூட்டுவது எனக்கும் சரியாகப் படவில்லை. 27 வயதுக்கு மேல் வந்தவர் அமெரிக்காவில் மட்டும் 3,089 அடித்தார் என்பதே போதும்.

கடைசியாக ஒரு கேள்வி. சீட்டில் பத்துப் பெயர்தான் எழுதலாம். 5 சதவீதத்துக்குக் கீழே போகிறவர் அடுத்த ஆண்டு பட்டியலிலேயே இருக்க மாட்டார். இச்சிரோ எப்படியும் ஜெயித்துவிடுவார், அவர் இடத்தை விழப்போகிற ஒருவருக்குக் கொடுப்போம் என்று நினைத்தீர்களா? அப்படியானால் அந்தப் பத்தாவது பெயர் யாருடையது? ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸா? அதே தோற்றுப்போன சியாட்டில் அணிக்காக 15 சீசன் பந்து வீசி, ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடக் கொடுத்துவைக்காதவர். இச்சிரோவோடு சேர்ந்து முதல்முறையாகப் பட்டியலுக்கு வந்து 20.6 சதவீதம் வாங்கி, பிழைத்துக்கொண்டார். அவர் பெயரைத்தான் எழுதினீர்கள் என்றால் இந்தக் கடிதத்தில் பாதியை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இச்சிரோவிடம் சொன்னால் அவரும் அந்த அழைப்பைப் புதுப்பிக்கக் கூடும்.

இப்படிக்கு,
உங்கள் சீட்டை ஒருமுறை பார்க்க ஆசைப்படும் ஒரு ரசிகன்