வீட்டைக் காட்டுகிறோம், அது நிற்கிற கல்லைக் காட்டுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் இருபது வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். செட்டிநாட்டுச் சுற்றுலா பற்றி உங்கள் இதழில் வருவதை ஒன்றுவிடாமல் படிப்பவன். பெரிய வீடுகள், சாப்பாடு, ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை எல்லாம் வந்துவிட்டன. இந்த ஊர்கள் உட்கார்ந்திருக்கிற பாறையையும் மண்ணையும் பற்றி மட்டும் இதுவரை படித்ததாக நினைவில்லை.

மூன்று வருடம் முன்னால் ஒரு மார்கழியில், பாறை, மண் பற்றிய புவியியல் (ஜியாலஜி) துறையில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மனைவியோடு என் வண்டியில் வந்தார். வீடு பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால் வழியில் ஓர் ஊருணியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். "இது என்ன கல் தம்பி?" என்று கேட்டார். "செம்புராங்கல் சார். எங்கள் வீட்டுக் கிணறுகூட இந்தக் கல்தான்" என்றேன். பேர் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

அவர்தான் சொன்னார். லட்சக்கணக்கான வருடங்கள் மழையும் வெயிலும் மாறி மாறிப் பாறையில் இறங்கும்போது, கரையக்கூடியதெல்லாம் தண்ணீரோடு போய்விடும். இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கிவிடும். அதனால்தான் அந்தச் சிவப்பு, தேனடை மாதிரி அந்த ஓட்டைகள். மண்ணுக்குள் இருக்கும்போது வெட்ட எளிதாக இருக்கும், வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால் இறுகிவிடும். நம் கொத்தனார்கள் கைப்பழக்கமாக அறிந்து வைத்திருந்தது இதைத்தான். புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இதே வகைக் கல்லைப் பார்த்துவிட்டு, 1807-இல் வெளியிட்ட நூலில், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பெயர் வைத்தாராம். அந்த இடம் இன்றைக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்த தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். இங்கே அதே வகைக் கல்லை மிதித்துக்கொண்டுதான் தினமும் தண்ணீர் எடுக்க இறங்குகிறோம்.

அன்று மதியம் புதுக்கோட்டைச் சாலையில் திருமயம் போனோம். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை என்று நான் வழக்கமாகச் சொல்வேன். கீழே பெருமாளுக்கும் சிவனுக்கும் பாறையைக் குடைந்த கோயில்கள் என்பேன். அவர் பாறையையே காட்டினார். பூமிக்கு அடியில் ஆழத்தில், கடும் சூட்டில் உருவான பாறை அது. வயது ஐம்பது கோடி வருடத்துக்கும் மேல். மேலே இருந்த சுமை காலப்போக்கில் அரித்துப் போனதும், அழுத்தம் விட்ட பாறை வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரிகிறது. அந்த ஏட்டின் விளிம்பில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். எத்தனையோ தடவை ஏறிய பாறை, அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம் வருகிற பயணிகளுக்கெல்லாம் நானும் இதைச் சொல்கிறேன். பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறவர்கள் ஒரு மணி நேரம் நிற்கிறார்கள். பிள்ளைகள் பாறையைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும், சாமி கும்பிட்டு முடித்ததும் குடைவரைச் சுவரைக் காட்டி, "இதை ஏன் இந்தக் குன்றில் குடைந்தார்கள்?" என்று அவர்களாகவே கேட்கிறார்கள்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீடுகளுக்காக மட்டுமில்லை. கூரையில் விழுகிற மழையை ஊருணிக்குக் கொண்டுபோன அந்த நீர் ஏற்பாடும் இவ்வூர்களின் பெருமைதான். நிலத்தின் சரிவும் கல்லின் குணமும் தெரியாதவர்களால் அதைச் செய்திருக்க முடியாது. நம் பெரியவர்கள் பலர் பிழைக்கப் போன மலேயாவில், லங்காவித் தீவு 2007-லேயே புவிப் பூங்காவாக, அதாவது பாறைக்கும் நில அமைப்புக்கும் பேர் போன இடமாக, அங்கீகாரம் வாங்கிவிட்டது. அந்தப் பட்டத்துக்கு இப்போதே ஓடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊருணிக் கரையிலும் திருமயத்திலும் குன்றக்குடியிலும் தமிழில் ஒரு பலகை வைக்கலாம். கல் உடைத்துப் பழகிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, வழிகாட்டிகளாக அவர்களுக்கே கூலி கிடைக்கச் செய்யலாம்.

ஒரு பயமும் இருக்கிறது. சுற்றுலா என்றதும் பாறையில் துளை போட்டுக் கம்பி நடுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், பெரிய பேருந்து திரும்புவதற்காகப் பொட்டலை நிரவுவார்கள். அது வேண்டவே வேண்டாம். ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை மூடிவிட்டு அதன்மேல் விடுதி கட்டக்கூடாது. நிலமே வறண்ட நிலம், அறைக்கு அறை குளிக்கும் தொட்டி இங்கே தாங்காது. நான் ஓட்டும் சாலைகளின் ஓரத்தில் கிராவல் அள்ளிய குழிகள் வருடத்துக்கு வருடம் அகலமாகின்றன. அள்ளிய இடத்தில் திரும்ப விளைய இந்தக் கல் நெல் இல்லை.

பக்கத்து மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட ஊர். அந்தப் பகுதியில் டங்ஸ்டன் என்ற உலோகத்தை வெட்டி எடுக்க ஏலம் விட்டபோது சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் திரண்டு நின்றார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தங்கள் மலையில் என்ன சுனை இருக்கிறது, எந்தச் சமணப் படுக்கை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படித் தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வருகிற மார்கழிக் கூட்டத்துக்கு முன் ஏதாவது ஓர் ஊருணியில் முதல் பலகையை வைத்துவிடலாம். சுற்றுலாத் துறையும் ஊராட்சிகளும் மனது வைக்கும்படி உங்கள் இதழ் இதை எடுத்து எழுத வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வருவதென்றால், மாதத்தில் ஒரு ஞாயிறு என் வண்டியை வாடகை இல்லாமல் தருகிறேன்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டும் வாசகன்,
காரைக்குடி